நான் நிறுத்திவைத்த சைக்கிள்

என் மனைவி பத்து வருடங்களுக்கு மேல் சைக்கிளில் ஏறவில்லை. போர்க்காலம், கொழும்பு, தமிழ்ப் பெண் என்று எல்லோரும் அதற்குத் தாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். உண்மையில் அவளை நிறுத்தியது நான் சொன்ன ஒரு பொய்.

அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோவிலுக்கும் சைக்கிளில்தான் போவார்கள். கலியாணம் முடிந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்தபோது, அன்றைக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்த யாழ்ப்பாண ரயிலில் அவளுடைய சைக்கிளும் வந்தது. கறுப்பு நிற லேடீஸ் சைக்கிள். சேலை சில்லுக்குள் போகாமல் இருக்கப் பின்சில்லின் இரண்டு பக்கமும் பச்சை நூலில் வலை பின்னியிருந்தது. பின் மட்காட்டில் ஊர்ச் சபை கொடுத்த லைசென்ஸ் தகடு. சின்னத் தகரத் துண்டு, அவ்வளவுதான்.

நான் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். லொறிகள் ஓடும் தெருவில் வீடு. சைக்கிள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய், வேலை கிடைத்ததும் பஸ் ஏறிக் கந்தோருக்கும் போய்ப் பழகினேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. யாழ்ப்பாணத்து மாமனார் வீட்டில் ஒருநாள் அதைச் சொல்லவேண்டி வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைக் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளவத்தையில் அவள் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். காலையில் சமையல் முடித்து, நான் பஸ்ஸுக்குப் போன பிறகு, சைக்கிளில் புறப்படுவாள். கடற்கரைப் பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் ஒரு வீடு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று, தெகிவளையில் ஒன்று. தமிழரைத் தேடி அடித்த கலவரம் நடந்து அதிக காலம் ஆகவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடேயே போய்வந்தாள். திரும்பி வந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் சொன்னார்:

"ஐசே, நேற்று உம்மட மிஸிஸைக் கண்டனான். பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிக்கொண்டு போறா. நீர் அந்த பஸ்ஸிலதான் தொங்கிக்கொண்டு இருந்தீரோ தெரியாது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அடுத்த முறை கரியரில ஏறிக்கொள்ளும்" என்றார் இன்னொருவர். "பஸ் காசு மிச்சம்."

இரண்டு நாள் கழித்து அவளுடைய முன்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. அவளுக்குக் காய்ச்சல். ஒட்டுப்போட நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். காலி வீதிச் சந்தியில் நின்ற பொலிஸ்காரர் தகட்டைப் பார்த்துவிட்டு, எங்கே இருந்து வந்த சைக்கிள் என்று சிங்களத்தில் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவர் சிரித்தார். தான் முன்பு அங்கே வேலை செய்ததாகவும், அந்த மாம்பழத்தைப் போல வேறெங்கும் இல்லை என்றும் சொன்னார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்:

"பொலிஸ் மறிச்சவன். வடக்குத் தகடு வச்ச சைக்கிள் இஞ்ச ஓடக்கூடாதாம். இன்னொருக்கால் கண்டால் ஓடுற ஆளையும் கொண்டுபோவானாம்."

அவள் போர்வைக்குள் இருந்து எழும்பி உட்கார்ந்தாள்.

"தகட்டைக் கழட்டினால்?"

"கழட்டின இடம் தெரியும்தானே. அது இன்னும் கூடாது."

அந்தக் காலத்தில் எதையும் சொல்லலாம். நேற்று இல்லாத சட்டம் இன்றைக்கு இருக்கும். யார் போட்டது என்று கேட்க ஆளில்லை. ஆகவே அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே அவங்கள்?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அந்த ஒரு கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்தோம். அவள் நடந்து போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். முதலில் தெகிவளை வீடு நின்றது. பிறகு கால்வாய்க்கு அந்தப் பக்கம். மழைக்காலம் ஒன்று வந்து கடற்கரைப் பக்கத்து வீடும் நின்றுபோனது. பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னாள். மேல்மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர், ஆட்கள் வந்துபோனால் பொலிஸ் கேள்வி கேட்கும் என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மையான பயமா, என்னுடையதைப் போன்றதா என்று நான் யோசித்ததுண்டு.

வெள்ளவத்தையின் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. முதலில் ரிம், பிறகு செயின், பிறகு ஹாண்டில் என்று துரு ஏறியது. கூட்டும்போது அவள் சைக்கிளைத் தூக்கி நகர்த்துவாள். சில நாட்களில் மிதிகட்டையைக் காலால் பின்னுக்குச் சுற்றிவிடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் நான் ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைப்பேன். செயின் இறுகிய பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவளுடைய பகல்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சொல்ல மூன்றாவது ஆள் யாரும் இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, ரயில் யாழ்ப்பாணம் போவது நின்று வெகுகாலமான பிறகு, பக்கத்து வீட்டோடு ஒட்டிய அனெக்ஸுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. ஒரு மாலை அந்த அம்மாள் வந்து எங்கள் குசினியில், அடுப்புப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னறையில் பேப்பரோடு இருந்தேன்.

"நீங்கள் ஊரில என்ன செய்தனீங்கள்? ரீச்சரோ?"

என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"நானோ? நான் சைக்கிள் ஓடினனான்."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். படித்த படிப்பையும் படிப்பித்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு, அவள் தன்னைப்பற்றிச் சொல்ல எடுத்தது அதைத்தான். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் ஒழுங்கையில் நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. சைக்கிளைத் திருத்திக் கொடுப்போம், இப்போது சட்டம் மாறிவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் ஒட்டுப்போட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

அவளுக்குத் தெரியாமல் செய்ய விரும்பினேன். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கொண்டு போங்கோ. பெல்லை மட்டும் கழட்டித் தந்திட்டுப் போங்கோ."

கழற்றிக் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, தையல் பெட்டிக்குள் போட்டாள்.

ஒரு வாடகை வான் பிடித்துச் சைக்கிளை ஏற்றிக் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா தனியாக இருந்தார். பின்முற்றத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஞாயிறு தோறும் வேலை. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். சான்ட் பேப்பரால் துருவைத் தேய்த்தேன். விரல் நுனிகளில் தோல் போனது. ரிம் இரண்டும் அரித்துப்போயிருந்ததால் புறக்கோட்டையில் வேறு வாங்கினேன். ரயர், ரியூப், மிதிகட்டை, பிரேக் கட்டை எல்லாம் புதிது. சீற்றின் தோல் விறகு மாதிரி இருந்தது; தேங்காயெண்ணெய் பூசிப் பூசி இளக்கினேன். சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். தூரிகையின் மயிர்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டன. பின்சில்லு வலையை நானே பின்னினேன். ஒரு பக்கம் மீன் வலை போலவும் மறுபக்கம் சிலந்தி வலை போலவும் வந்தது.

அக்கா கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"டேய், கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு நீ அவளுக்குச் சீதனம் குடுக்கிறியோ?"

"சும்மா இருங்கோ அக்கா."

"உனக்கு ஏறவே தெரியாது. இது ஓடுமோ எண்டு எப்பிடிப் பாக்கப் போறாய்?"

"சில்லு சுத்துது. பிரேக் பிடிக்குது. பிறகென்ன?"

"மாட்டில பால் கறக்கத் தெரியாதவன் மாட்டுக்கு வைத்தியம் பாத்த மாதிரித்தான்" என்றார். "இவ்வளவு நாளும் இல்லாத அக்கறை இப்ப எங்கால வந்தது?"

நான் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தகட்டை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுத்துகள் பாதி போயிருந்தன. எறிந்துவிட்டால் நல்லது, வேறு எதுவும் கேட்க இடமிருக்காது. ஆனால் எறிய மனம் வரவில்லை. சாம்பலால் துலக்கி, புதிய ஆணி போட்டு, பழைய இடத்திலேயே பூட்டினேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு த்ரீவீலர் ஆட்டோவின் பின்பக்கத்தில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பம்பலப்பிட்டி தாண்டியதும், தூரத்தில் செக்பொயின்ற்றில் வாகனங்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. சாரதி ஓரமாக நிறுத்திவிட்டார். "அண்ணே, இதோட என்னையும் சேர்த்துப் பிடிச்சு வச்சிடுவாங்க. கிட்டத்தானே, உழக்கிட்டுப் போங்க" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மிதித்து உழக்க எனக்குத் தெரியாது. உருட்டிக்கொண்டு போனேன்.

கொழும்பில் அந்த நாட்களில் ஆளில்லாமல் நிற்கும் சைக்கிளைக் கண்டால் கடைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். குண்டு கட்டி வைத்துவிட்டுப் போனதாக இருக்கலாம் என்ற பயம். என் சைக்கிளுக்கு ஆள் இருந்தது. ஆனால் காற்று நிறைந்த புது ரயரோடு ஒருவர் சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டு வருவது, அதுவும் பெயின்ற் மணக்க மணக்க, எப்படித் தோன்றும் என்று நான் யோசிக்கவில்லை. செக்பொயின்ற்றில் நின்ற இளம் சிப்பாய் தகட்டைப் பார்க்கவே இல்லை. அவன் ரயரைப் பார்த்தான், பெயின்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நெகலா பதின்ன" என்றான். ஏறி ஓடு.

எனக்கு ஓடத் தெரியாது என்றேன். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் போனான். அடையாள அட்டையைக் கேட்டான். இது யாருடையது என்று கேட்டான். மனைவியுடையது என்றேன். அவள் எங்கே என்றான். சார்ஜன்ட் ஒருவர் வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சிப்பாயைக் கொண்டு சீற்றைக் கழற்றிக் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்க வைத்தார். பழுதாய்க் கிடந்ததைத் திருத்தினேன் என்று சொல்லச் சொல்ல, என்னுடைய வேலை ஒவ்வொன்றும் எனக்கு எதிரான சாட்சியாக மாறிக்கொண்டிருந்தது.

அந்த வழியால் வந்த அனெக்ஸ் அம்மாள் என்னைக் கண்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என் மனைவி வந்தாள். வீட்டுச் சேலை, காலில் பாத்ரூம் செருப்பு, கையில் அடையாள அட்டை. என்னைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். அது எது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. சுற்றி வந்து மட்காட்டில் தகட்டைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

இது உன்னுடையதா என்று சார்ஜன்ட் கேட்டார். ஓம் என்றாள். மரக்கறிக்காரர்களோடு பேசிப் பழகிய சிங்களத்தில், மெதுவாக, மரியாதையாக அவருக்கு விளங்கப்படுத்தினாள். மாத்தயா, வடக்குச் சைக்கிள் இங்கே ஓடக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமும் நாங்கள் இதைத் தொடவில்லை. இவர் சும்மா ஆசைக்குத் திருத்தியிருக்கிறார். இதை ஓட மாட்டோம். இவரை விட்டுவிடுங்கள்.

என்னுடைய பொய்யைச் சொல்லி அவள் என்னைக் காப்பாற்ற முயன்றாள்.

சார்ஜன்ட் முகத்தைச் சுருக்கினார்.

"எஹெம நீதியக் நே. கவுத கிவ்வே?"

அப்படிச் சட்டம் இல்லை. யார் சொன்னது?

அவள் என் பக்கம் திரும்பினாள். அப்போதும் அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. எந்தப் பொலிஸ்காரன், எந்த இடம் என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். சொல்லியிருக்கலாம். சந்தியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தது உண்மைதான்; அவர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்றால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். வாய் வரை வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். "நான்தான் சொன்னனான்."

தமிழில் சொன்னதால் சார்ஜன்ட்டுக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறான் என்று அவளைக் கேட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பொறுமையிழந்து, சைக்கிள் உன்னுடையது என்றால் ஓடிக் காட்டு என்றார்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சிப்பாய் சீற்றைத் திருப்பிப் பூட்டும் வரை நின்று, கையால் அமர்த்திப் பார்த்தாள். ஒரு காலை மிதிகட்டையில் வைத்து, மறுகாலால் தரையை இரண்டு தரம் உந்தி ஏறினாள். ஹாண்டில் ஆடியது. ஒரு பக்கம் சரியப் போய் நிமிர்ந்தாள். பிறகு நேராகப் போனாள். சந்தி வரை போய்த் திரும்பி வருவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் திரும்பவில்லை. எங்கள் ஒழுங்கைப் பக்கம் வளைந்து மறைந்துவிட்டாள்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். சார்ஜன்ட் அடையாள அட்டையைத் தந்து, "போ, போ, நடந்து போ" என்றார்.

வீட்டில் சைக்கிள் கேற்றுக்குள் சாத்தியிருந்தது. அவள் குசினியில். இரண்டு நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு இருந்தது. மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பிரேக் ரெண்டும் மாறிப் பூட்டியிருக்கு. செயினும் இறுக்கம்."

"திருத்தித் தாறன்."

"வேண்டாம். நான் கடையில குடுத்துச் செய்விக்கிறன்." குசினிப் பக்கம் போனவள் திரும்பினாள். "அந்தப் பொலிஸ்காரன் அண்டைக்கு உண்மையா என்ன சொன்னவன்?"

"யாழ்ப்பாணத்து மாம்பழம் நல்லாயிருக்கும் எண்டு சொன்னவன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாம்பழமோ" என்றாள். அன்று முழுக்க இடைக்கிடை அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது கேட்டதாகவே இருந்தது. அவள் அதை ஏற்றாள் என்றோ தள்ளினாள் என்றோ சொல்ல மாட்டேன்.

அவள் மறுபடி ஓடத் தொடங்கினாள். பாடம் சொல்லிக்கொடுக்க இரண்டு வீடுகள் கிடைத்தன. பெல்லைப் பூட்டித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "அது கிடக்கட்டும்" என்றாள். தையல் பெட்டியிலேயே கிடந்தது.

நான் எதிர்பாராதது இனித்தான் வந்தது. கொழும்பில் நிலைமை மோசமானது. இம்முறை என் பயம் நிஜமான பயம். "இண்டைக்குப் போகாதேயும், சுற்றிவளைப்பு எண்டு கதைக்கினம்" என்பேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பாள்: "ஆர் சொன்னது? மாம்பழக்காரனோ?" போய்விடுவாள். இல்லாத பயத்தை அவளுக்கு விற்றவன் நான். உள்ள பயத்தை வாங்க அவள் தயாராக இல்லை. அதில் நியாயம் இருந்தது. ஆகவே சொல்வதை நிறுத்தினேன். அதற்குள் ஓய்வும் பெற்றிருந்தேன். அவள் வரும் நேரத்தில் ஒழுங்கை முகப்பில் போய் நிற்பேன்.

ஒரு முற்பகல் பெரிய சத்தம் கேட்டது. கண்ணாடிகள் அதிர்ந்தன. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெகிவளைப் பக்கம் என்றார்கள் சிலர். அன்று அவள் தெகிவளைக்குப் போயிருந்தாள். நான் இடுப்பில் கட்டின சாரத்தோடு காலி வீதிக்கு ஓடினேன். பாதை அடைத்திருந்தது. கால்வாய்ப் பாலத்தருகே ஆட்களைத் தடுத்துவைத்திருந்தார்கள். சைக்கிளில் வந்த ஒரு பொம்பிளையைக் கண்டீர்களா என்று தமிழிலும் சிங்களத்திலும் கண்டவரிடமெல்லாம் கேட்டேன். ஒருவரும் காணவில்லை. வெயிலில் அப்படியே நின்றேன்.

பாதையைத் திறந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக அவள் வந்தாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு. சேலையெல்லாம் தூசி. அவளுக்கு ஒன்றுமில்லை. குண்டு வெடித்தது வேறொரு தெருவில்.

"ஏன் இஞ்ச நிக்கிறீங்கள்?"

"பயந்திட்டன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல, அவசரமில்லாமல் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"ஓம்" என்றாள். "இது உண்மையான பயம்."

சைக்கிளை என் கையில் தந்தாள். நான் உருட்ட, அவள் பக்கத்தில் நடந்து வந்தாள்.

அடுத்த நாள் அவள் வழக்கம்போல் புறப்பட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. கேற்றடியில் திரும்பி, "பன்னிரண்டு மணிக்குள்ள வந்திடுவன்" என்றாள். அதற்கு முன் அவள் எனக்கு நேரம் சொல்லிவிட்டுப் போனதில்லை.